சும்மா போய்வந்த ஊர்கள்

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பது எனக்கு ஆகாது. வாரம் முழுக்க ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் நூலின் கனத்தையும் முறுக்கையும் சோதிக்கிற வேலை. மிஷின் சத்தத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கும். லீவு நாளில் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், ஒரு பெருமூச்சு விடுவாள், கறிவேப்பிலையை உருவுவாள், மறுபடி ஒரு பெருமூச்சு விடுவாள். முப்பது தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கான பெருமூச்சு அது. அதிலிருந்து என்னைப் பிய்த்தெடுத்து ஊர் ஊராகக் கூட்டிப்போனவள் என் அண்ணி. அவளுக்கு நான் எவ்வளவு நன்றியோடு இருந்தேன் என்று நினைத்தால் இப்போது என்னையே ரெண்டு அறை அறையலாம் போல இருக்கிறது.

அண்ணி எனக்கு அண்ணியாவதற்கு முன்னால் சிநேகிதி. மம்சாபுரத்துக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. எங்கள் வீட்டுக்கு வந்துபோனதில் என் அண்ணனுக்கு அவளைப் பிடித்துப்போனது. அவளிடம் வாயைத் திறக்கத் தைரியமில்லாமல் என்னிடம் வந்து சொன்னான். நான் வேறு யாரிடமும் போகவில்லை. நேராக அவளிடமே போய், எங்கண்ணனைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்க விட்டேன். அவள் சரி என்ற பிறகுதான் விஷயம் பெரியவர்கள் காதுக்கே போனது. ஒரு பெண்ணிடம் கேட்கிற முறை அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் நினைப்பாள் என்று நம்பியிருந்தேன்.

வீட்டில் அம்மா முன்னால் அவளை அண்ணி என்பேன், வாங்க போங்க என்பேன். பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி கிளம்பியதும் பழையபடி ஏட்டிதான். அவளும் ஏட்டிதான். மாமியார், மருமகள், நாத்தனார் எல்லாம் வீட்டோடு சரி.

எனக்கு முறைப்படி நடந்த பெண் பார்ப்பைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் ஆனது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணொருத்தி என்னை உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துவரச் சொன்னாள். மேசையில் சொம்பு நிறையத் தண்ணீர் இருக்கும்போதே சொன்னாள். போனேன், எடுத்துவந்தேன். ரெண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். பொண்ணு நல்ல பொண்ணுதானாம், நடைதான் ஆம்பளை நடையாக இருக்கிறதாம். நான் உயரம், கால் நீளம். எட்டி வைத்தால் எட்டத்தான் போகும். இதற்காக அடுத்த வீட்டுக் காலையா கடன் கேட்க முடியும்?

அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரிடமாவது என்னைக் காட்டுவதென்றால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். இஷ்டமிருந்தால் வருவேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தர் முன்னால் நிறுத்தினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மில் ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன். அம்மா அழுதாள். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான். அண்ணி மட்டும்தான் என் பக்கம் வந்து நின்றாள்.

"அவகிட்டச் சொல்லாம அவள யாரு முன்னாலயும் நிப்பாட்டக் கூடாது அத்தை. இனி நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாளே, அதை நான் எனக்குக் காவல் என்று எடுத்துக்கொண்டேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜாதி நான்.

அதற்கடுத்த மாதமே எங்கள் ஊர் சுற்றல் ஆரம்பமானது. காலையில் கிளம்பிப் பொழுது சாய வீடு திரும்புகிற மாதிரி ஊர்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடிக்கடி போவோம். ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு, அவள் கைக்கு இலையில் கிளி செய்கிறவர்கள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டு, பால்கோவாவைச் சூட்டோடு தின்றுகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம். புரட்டாசிச் சனிக்கிழமையில் லீவு போட்டுவிட்டு, பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று பேர் கொண்ட பெருமாள் மலைக்குப் படியேறுவோம். இருக்கன்குடி, சங்கரன்கோயில். கோயில் அலுத்தால் கைத்தொழில் நடக்கிற ஊர்கள். சுந்தரபாண்டியத்தில் தறியில் சேலை நெய்வதைப் பார்க்கப் போவோம். ஒரு தடவை பத்தமடைக்குப் பாய் பார்க்கப் போனோம். அங்கே ஒரு வீட்டில் கல்யாண ஜோடியின் பேரைப் பாயிலேயே நெய்துகொண்டிருந்தார்கள். பொண்ணு மாப்பிள்ளை சண்டை போட்டால் பாயைப் பாதியாகக் கிழித்துக்கொள்ளலாமே என்று நான் சொல்ல, நெய்கிற அம்மாவே சிரித்துவிட்டார். திரும்பும்போது சேரன்மகாதேவியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். ரசம் அவ்வளவு ருசி. மூன்றாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எதிர்ப் பெஞ்சில் இருந்த ஆள் உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவைத்தார். எவ்வளவு நல்ல மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன்.

எந்தக் கோயிலுக்குப் போனாலும் அண்ணி என்னை ஓரிடத்தில் உட்காரவைப்பாள். "செத்த நேரம் இங்கன இரு, நான் அர்ச்சனைச் சீட்டு வாங்கிட்டு வாரேன்" என்று போவாள். கூட்டமே இல்லாத நாளிலும் சீட்டு வாங்க அவளுக்கு வெகுநேரம் ஆகும். எனக்கு அது பெரிய சுகமாக இருந்தது. மில்லில் சத்தம், வீட்டில் பெருமூச்சு. யாரும் என்னைப் பார்க்காத, யாரும் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். கல் தூணில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொள்வேன். பாட்டு முணுமுணுப்பேன். இருக்கன்குடியில் தூங்கியே போயிருக்கிறேன், வாய் திறந்திருந்ததாகப் பின்னால் அண்ணி சொன்னாள்.

சங்கரன்கோயிலில் அம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரம் உண்டு. மனசு சரியில்லாதவர்கள் அதில் கொஞ்சநேரம் உட்கார்ந்து எழுந்தால் தெளியும் என்பார்கள். புத்தி பேதலித்தவர்களைக் கூட்டிவந்து உட்காரவைப்பதும் உண்டு. ஒரு நாள் அண்ணி என்னைத் தூண் பக்கம் இருக்கச் சொல்லிவிட்டு, அங்கே பிரசாதமாகத் தருகிற புற்றுமண் வாங்கப் போனாள். அந்த வாரம் மில்லில் எனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலையை நேற்று வந்த ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் பெருமூச்சுதான். சக்கரம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதேன். அந்தப் பயலை வாய்க்குள் திட்டிக்கொண்டே அழுதேன். அழுது முடித்ததும் நிஜமாகவே லேசாக இருந்தது. அண்ணி வந்து என் முகத்தைப் பார்த்து வெலவெலத்துப் போனாள். ஏன் இங்க வந்து உக்காந்த என்று அதட்டினாள். என்மேல் எவ்வளவு பாசம் இவளுக்கு என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் ஊர் சுற்றல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. அண்ணிக்கு இடுப்பு வலி, அண்ணனுக்கு வேலை என்று ஏதாவது வரும். கடைசியில், ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகு, சித்திரை பிறந்ததும் நானே நச்சரித்து அவளைச் சுந்தரபாண்டியத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். கட்டம் போட்ட காட்டன் சேலை ஒன்று எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

நெசவுக்காரர் வீட்டு முன்னறையில் பாயை விரித்துச் சேலைகளைப் பரத்திவைத்திருந்தார்கள். உள்ளே தறியில் ஓடுகிற நிறத்தைப் பார்க்கிறேன் என்று அண்ணி நெசவுக்காரர் மனைவியோடு உள்ளே போனாள். பாயில் எனக்குப் பக்கத்தில் இன்னொரு அம்மாளும் சேலை பார்த்துக்கொண்டிருந்தார். கான்சாபுரத்திலிருந்து வந்தவர், மருமகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு எடுக்க வந்திருக்கிறேன் என்று அவராகவே சொன்னார். நானும் நல்ல சேலையாக ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் சேலையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத் தேவலையா தாயி?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்றேன். உடம்பைக் கேட்கவில்லை என்றார். கையை என் முழங்கால்மேல் வைத்து, ரொம்பப் பதமாக, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"சங்கரன்கோயில்ல சக்கரத்துல உக்காந்து அப்பிடி அழுதியே. இன்னமும் என் கண்ணுக்குள்ளயே நிக்கி."

பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மகனுக்கு என்னைப் பார்க்கத்தான் அன்று குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பச்சைச் சேலை, அம்மன் சந்நிதித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று அண்ணி போனில் அடையாளம் சொல்லியிருக்கிறாள். கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது எங்கள் பக்கம் புதுசு இல்லை. பெண்ணுக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வார்கள். பிடித்தால் வீட்டுக்கு வருவார்கள், பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்ட மாதிரி போய்விடுவார்கள். பெண் மனசு நோகாதாம். இவர்கள் வந்து பார்த்தபோது பச்சைச் சேலை தூணுக்குப் பக்கத்தில் இல்லை. சக்கரத்தில் உட்கார்ந்து வாய்க்குள் என்னவோ பேசிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது.

"எங்களுக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு தாயி. ஆனா அந்த எடத்துல உக்காந்து அப்பிடி அழுதா நாங்க என்னன்னு நினைக்க? எம்புட்டு நாளா இப்பிடி இருக்குன்னு கேட்டோம். ஒங்க அண்ணி அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சத்தியம் பண்ணுனா. அவிய அப்பிடித்தான சொல்லுவாக."

தெரிந்தவர்கள் ரெண்டு மூன்று பேர் என்னைப் பற்றி விசாரித்தபோது அவரும் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லக் கூடாதில்லையா என்றார். கெட்ட மனுஷி இல்லை அவர். எனக்காக அந்த அம்மனிடம் வேண்டிக்கொண்டதாகவும் சொன்னார்.

அண்ணி அரக்கு நிறச் சேலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இது உனக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். கான்சாபுரத்து அம்மாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சேலையை மெதுவாக எடுத்துப் பாயில் வைத்தாள். நெசவுக்காரர் மனைவி, நிறம் பிடிக்கலையா, வேற காட்டட்டுமா என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

ரோட்டுக்கு நடந்து வருவதற்குள் எல்லாம் வரிசையாகப் புரிய ஆரம்பித்தது. ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் எந்தச் சேலை என்று அவளே எடுத்துவைப்பாள். கோயிலுக்குள் நுழைந்ததும், மெல்ல நட ஏட்டி, எனக்கு மூச்சு வாங்குது என்பாள். எனக்கு வேண்டாம் என்றாலும் போட்டோ எடுத்துத் தள்ளுவாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்குத் தண்ணீர்கூடத் தராமல் மருமகளை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போவாள். மாமியாரும் மருமகளும் எவ்வளவு ஒற்றுமை என்று மில்லில் எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். நூலில் ஒரு மயிரிழை கனம் கூடினாலும் பிடித்துவிடுகிற எனக்கு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு ஒரே காரணம்தான். வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். இவளைப் படவில்லை.

அண்ணியும் பின்னாலேயே வந்து பஸ் ஏறினாள். கிருஷ்ணன்கோவிலில் இறங்கி ராஜபாளையம் வண்டிக்கு நின்றோம். அங்கேதான் கேட்டேன்.

"எம்புட்டுப் பேரு வந்து பாத்தாக, அண்ணி?"

ஊருக்கு வெளியே நான் அவளை அண்ணி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவள் முகம் சுருங்கியது. கோபப்படாதே, வீட்டில் போய்ப் பேசலாம் என்றாள். இங்கேயே சொல் என்றேன். எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை என்றாள். அவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள். ஆண்டாள் கோயிலில், திருவண்ணாமலைப் படியில், இருக்கன்குடியில் நான் வாய் திறந்து தூங்கிய இடத்தில். சில நாள் ஒரே கோயிலில் காலையில் ஒரு குடும்பம், மத்தியானம் ஒரு குடும்பம். சேரன்மகாதேவி மெஸ்ஸில் உப்பு நகர்த்திய ஆளும் அந்த வகைதானாம். பெண் சாப்பாட்டு ராமி என்று சொல்லியனுப்பினானாம். நல்ல மனுஷன் என்று நான் வழியெல்லாம் புகழ்ந்த ஆள்.

பிறகு அவள் தன் பங்குக்குப் பேசினாள். என் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அண்ணன், உன் சிநேகிதிதானே, நீ சொன்னால் கேட்பாள் என்று நச்சரித்தானாம்.

"சொன்னா நீ வந்திருப்பியாட்டி? வேண்டாம்னு சொன்னவுக அம்புட்டுப் பேரு பேச்சையும் நாந்தான் காதுல வாங்குனேன். கருப்புன்னாக, ஒட்டகம்னாக, பைத்தியம்னாக. ஒண்ணாவது ஒன் காதுல விழ விட்டனா?"

விடவில்லை, உண்மைதான். அத்தனை சொல்லையும் அவள் ஒருத்தியே வாங்கிக்கொண்டு, என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். பாசம் இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் ஒரு நாள் கடைவீதியில் உட்காரட்டும், நாலு பேர் அவர்களுக்குத் தெரியாமல் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு வந்து பேசட்டும். சொல்லியிருந்தால் நான் பெரும்பாலும் மாட்டேன் என்றிருப்பேன். அப்படிச் சொல்வது என் இஷ்டம். என் சம்மதத்தைக் கேட்டு நிற்க வேண்டிய ஒருத்தி இருந்தாள் என்றால் அது அவள்தான்.

கல்யாணம் நடக்காதது எனக்குப் பெரிசில்லை. என்னைப் பைத்தியம் என்று ஒரு ஊரே நினைத்துக்கொண்டிருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் மனசை அறுத்தது வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு இருந்த வாழ்க்கை. யாரும் பார்க்காமல் நான் நானாக இருந்த நேரமும் அதுதான். அவளும் நானும் பழைய சிநேகிதிகளாக இருந்ததும் அங்கேதான். அதில் எதுவாவது நிஜமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒன்றே ஒன்று போதும், மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"நாம ஒரு நாளாவது சும்மா போனமா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். உடனே ஒரு ஊர்ப் பேரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது, ஒவ்வொரு ஊராகச் சொல்லிப்பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு" என்றாள். "இன்னைக்கு யாருகிட்டயும் சொல்லல ஏட்டி. சத்தியமா நீயும் நானும் மட்டுந்தான் வந்தோம். சங்கரன்கோயிலுக்குப் பொறவு யாரும் கேட்டு வரவும் இல்ல."

நம்ப எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன், பொய் மாதிரி தெரியவில்லை. ஆனால் எந்தக் கோயிலில் அவள் கண் பொய் மாதிரி தெரிந்தது? எதிர்ப்புறம் டீக்கடை நிழலில் ஒரு வயசான அம்மாளும் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆளும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் எங்கள் பக்கம் பார்த்தார். பஸ் வருகிறதா என்று பார்த்திருப்பார். நான் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு நேராக நின்றேன். அப்படி நின்றது எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அவிய யாரு?" என்று அண்ணியிடம் கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தெரியாதுட்டி, நிஜமாகவே தெரியாது என்று சொல்லி, ரோடு என்றும் பாராமல் அழ ஆரம்பித்தாள். பஸ் வந்தது. அவளை அழவிட்டு நான் முதலில் ஏறினேன்.